வேலிக்கு எந்த ஹனிசக்கிள்: ஜப்பான் வகையா, பவள வகையா?

முல்லைப்பிரியன்:
அமெரிக்காவின் வட கரோலினாவில் எங்கள் வேலியில் படர்ந்திருக்கும் ஜப்பான் ஹனிசக்கிள் என்னும் பூங்கொடியை அகற்றிவிட்டு, அம்மண்ணுக்கே உரிய பவள ஹனிசக்கிளை நடுமாறு காட்டுக்கொடி அவர்கள் கூறியதை என்னால் ஏற்க இயலவில்லை. வெள்ளையாக விரிந்து, பின்னர் பொன்மஞ்சளாக மாறும் அந்தப் பூக்களின் மணம் மாலைப் பொழுதில் முற்றமெங்கும் நிறைகிறது. சீனர்கள் அதைப் பொன்வெள்ளிப் பூ என்றழைத்து, மொட்டுகளை உலர்த்தி மருந்தாகப் பயன்படுத்துகிறார்கள். பவள வகையிலோ மணமே இல்லை.

காட்டுக்கொடி:
மணமின்மை குறையன்று, நண்பரே. அதன் நீண்ட செங்குழல் பூக்கள் ஹம்மிங் பறவையின் அலகுக்கு இசைந்தவை. அப்பறவை மணத்தை விட நிறத்தைக் கண்டே வருகிறது. ஜப்பான் வகை இரவில் பறக்கும் அந்துப்பூச்சிகளை அழைக்க வேண்டியிருப்பதால்தான் வெண்மையும் மணமும் கொண்டிருக்கிறது. கிழக்காசியாவில் அது அழகிய கொடி என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் 1806இல் நியூயார்க்கின் லாங் ஐலண்டுக்கு வந்து, பின்னர் மண்ணரிப்பைத் தடுப்பதற்கென்றே பரவலாக நடப்பட்ட அது, காட்டு மரங்கள் இலையுதிர்த்து நிற்கும் குளிர்காலத்திலும் பெரும்பாலும் பச்சையாக இருந்து வெயிலைப் பயன்படுத்திக்கொள்கிறது; இளமரங்களைச் சுற்றி இறுக்கி, அவற்றின் மேல் நிழலாகக் கவிந்துவிடுகிறது.

முல்லைப்பிரியன்:
அந்தப் பச்சைதான் குளிர்காலத்தில் மான்களுக்குத் தீவனம். கரும்பழங்களைப் பறவைகளும் உண்கின்றன. ஆண்டுதோறும் கத்தரித்து வேலிக்குள் அடக்கி வைத்தால் என்ன கேடு?

காட்டுக்கொடி:
தாங்கள் கத்தரிப்பது கொடியைத்தான். பழத்தைத் தின்ற பறவை விதையை எங்கே இடுகிறது என்பது தங்கள் கையில் இல்லை. மேலும், தென் கரோலினாவில் இவ்விரு கொடிகளையும் ஒப்பிட்டு 1994இல் வெளியான ஆய்வில், விலங்குகளும் பூச்சிகளும் தின்ற இழப்பை ஜப்பான் வகை புதிய வளர்ச்சியால் ஈடுசெய்தது. பவள வகையால் அவ்வாறு முடியவில்லை. மான் மேய்வதால் நலிவது நாட்டுக்கொடியே என்பதுதான் என்னை வருத்துகிறது.

வேர்மண்:
இருவருக்கும் ஒரு வேண்டுகோள். பூவற்ற காலத்தில் அவசரப்பட்டு நாட்டுக்கொடியையே வெட்டியவர்களை நான் கண்டிருக்கிறேன். பூக்கும் கிளையின் நுனியில் ஓரிணை இலைகள் அடியில் ஒன்றாக ஒட்டித் தண்டைக் கிண்ணம் போலச் சூழ்ந்திருந்தால் அது பவள வகை. அதன் பழமும் சிவப்பு. இலைகள் எங்கும் தனித்தனியாக இருந்து, இளந்தண்டில் மென்மயிர் தென்பட்டால் ஜப்பான் வகை.

முல்லைப்பிரியன்:
நன்றி. நாளைக் காலை நுனி இலைகளைப் பார்க்கிறேன். காட்டை ஒட்டிய பக்கத்தில் உள்ளதை வேரோடு எடுத்துவிடச் சம்மதம்; முற்றத்துக் கொடியைப் பற்றி என் கருத்து மாறவில்லை.