சைட்டோகைனுக்குத் தமிழ்: தூதா, ஏவலா?

குழுவினருக்கு வணக்கம்.

ஓர் உயிரணு சுரந்து மற்றோர் உயிரணுவின் நடத்தையை மாற்றும் சிறு புரதம்தான் சைட்டோகைன். திங்கள்கிழமை அதற்கு ஒரே ஒரு தமிழ்ச் சொல்தான் கேட்டேன். இருபத்தாறு மடல் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை கையேடு அச்சுக்குப் போகிறது. மருந்து ஒவ்வாமை பற்றி எட்டே பக்கம். சுங்கை சிப்புட்டில் சனிக்கிழமை வகுப்புக்கு வரும் பிள்ளைகளும் பின்வரிசையில் உட்காரும் அவர்களின் அம்மாமாரும் படிக்க வேண்டியது.

ஈப்போ ஐயா ‘கலத்தூது’ என்றார். அவர் காட்டிய பொருத்தம் மனத்தை விட்டுப் போகவில்லை. 1974-இல் ஸ்டான்லி கோகன் சைட்டோகைன் என்று பெயர் வைத்தபோது எடுத்துக்கொண்ட கிரேக்க வேர் கீட்டோஸ். உள்குழிந்த பாத்திரம் என்று பொருள். நம் கலமும் பாத்திரம்தான்: ‘பசுமட் கலத்துள்நீர் பெய்திரீஇ யற்று’, குறள் 660. ரப்பர் தோட்டத்துப் பேச்சில் சொன்னால் பால் பிடிக்கும் மங்கு. இலங்கைப் பாடநூல்களில் செல்லுக்குக் கலம் என்றே எழுதுகிறார்கள். மரக்கலம், அணிகலன் என்று ஐயா மேலும் மூன்று மடல் போட்டிருக்கிறார். அவற்றை அச்சு வேலை முடிந்ததும் ஆற அமரப் படிப்பேன்.

எனக்குத் தூதில்தான் தயக்கம். தூதன் சேதி சொல்வான். முடிவு கேட்பவர் கையில். சைட்டோகைன் அப்படியா? பெனிசிலின் மூலக்கூறு மிகச் சிறியது; உடம்பிலுள்ள புரதத்தோடு ஒட்டிக்கொண்ட பிறகுதான் தடுப்பாற்றல் அதை அந்நியமாகப் பார்க்கிறது. அப்புறம் எந்தச் சைட்டோகைன் மேலோங்குகிறது என்பதுதான் முக்கியம். சுண்டெலியில், எதிர்ப்பொருள் செய்யும் வெள்ளணுவான ஒரே பி அணுவுக்கு இன்டர்லூகின்-4 என்ற சைட்டோகைன் கிடைத்தால் ஐஜிஈ என்னும் ஒவ்வாமை எதிர்ப்பொருளைச் செய்யத் திரும்பும். காமா இன்டர்ஃபெரான் என்ற சைட்டோகைன் கிடைத்தால் ஐஜிஜி2ஏ என்னும் வேறு வகை எதிர்ப்பொருள் பக்கம் போகும். தோட்டத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டில் பெயர் வாசித்து, ‘நீ இந்த நிரைக்குப் போ’ என்று அனுப்புகிறார்களே, அதுதான் இது. கட்டளை.

ஆகவே ‘கல ஏவி’ என்று எழுதிப் பக்கத்து வீட்டு அக்காவிடம் படித்துக் காட்டினேன். முகம் மாறிவிட்டது. “ஏவலா? யாரு வெச்சது டீச்சர்?” இங்கே ஏவல் என்றால் சூனியம். மருந்து ஒத்துக்கொள்ளாமல் உடம்பெல்லாம் தடித்துப்போன பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி ஓடாமல் மந்திரிக்கக் கொண்டுபோனதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தச் சொல்லை இந்தக் கையேட்டில் வைக்க மாட்டேன்.

கோலாலம்பூர் தம்பி சொல்வதும் நியாயமே: கொரோனாக் காலத்தில் ‘சைட்டோகைன் புயல்’ என்று எல்லாரும் கேட்டாயிற்று, அப்படியே எழுதுங்கள் என்கிறார். ஆனால் கேட்டதெல்லாம் புரிந்ததாகாது. கிள்ளான் ஆசிரியையும் இன்னும் நான்கு பேரும் ‘உயிரணுத் தூது’ என்கிறார்கள். சரி, முதல் இடத்தில் ‘சைட்டோகைன் என்னும் உயிரணுத் தூது’, அடுத்தடுத்த இடங்களில் ‘உயிரணுத் தூது’. பெரட்டு உவமையையும் சேர்த்துவிடுகிறேன்.

*

அம்மா, அச்சுக்குக் கொடுங்கள், தடுக்கவில்லை. ஆனால் கலத்தைக் கைவிட்டதில் எனக்கு உடன்பாடில்லை; அதைப் பதிந்துவைக்கிறேன். தூதனையும் குறைத்து மதிப்பிட்டுவிட்டீர்கள். தூது அதிகாரத்துக்கு உரை எழுதும் பரிமேலழகர் தூதரை இரு வகையாக்குகிறார்: தான் வகுத்துக் கூறுவான், கூறியது கூறுவான். உங்கள் இன்டர்லூகின்-4 இதில் எந்த வகை? குறள் 683 தூதனை ‘வினையுரைப்பான்’ என்கிறது. ‘வினையுரை’ என்று வைத்தால் கட்டளையும் வந்துவிடும், சூனியமும் ஒட்டாது. அந்த அக்காவிடம் இதையும் ஒருமுறை படித்துக் காட்டுங்கள்.

— ஈப்போவிலிருந்து