தனுஷ்கோடி நினைவுத் தொடர் ஓட்டம் (1964 புயல்ல கடல் கொண்டுபோன ரயிலுக்கும் ஊருக்கும்): டிசம்பர் 23 காலையில நடந்ததைப் பகிருங்க

பாம்பன்காத்து:
எட்டாவது கைமாற்று, பழைய ரயில் நிலையத்துச் சுவர்கிட்ட. ஓடி வந்த பையன் கட்டையை நீட்டுறான், அடுத்து ஓட வேண்டிய பொண்ணு கையை நீட்டி நிக்குது. பக்கத்துல சங்கு மாலை விக்கிற ஆத்தா ஒருத்தங்க கூடையை இறக்கி வச்சுட்டுக் கேட்டாங்க: "யாருக்காகய்யா ஓடுறீக? பேரு தெரியுமா?"

அங்க நாப்பது பேர் இருந்தாங்க. ஒருத்தருக்கும் ஒரு பேரும் தெரியல. பனியன்ல 1964, எண் 653 பாசஞ்சர், ஆறு பெட்டின்னு எல்லாம் அச்சடிச்சிருக்கு. பேர் மட்டும் இல்ல. ஆத்தாவே அவங்க அண்ணன் பேரைச் சொன்னாங்க. காத்துல பாதிதான் காதுல விழுந்துச்சு, மறுபடி கேக்க யாருக்கும் வாய் வரல. அதுக்குள்ள 11 நிமிஷம் தாமதம்னு பின்னாடி இருந்து சத்தம். பொண்ணு கட்டையை வாங்கிட்டு ஓடிடுச்சு.

கணக்குப்புள்ள:
அந்த 11 நிமிஷம் எங்க போச்சுன்னு தெரிஞ்சா ஆத்தாவுக்கு நின்னு காது கொடுத்திருக்கலாம். கிலோமீட்டருக்கு 8 நிமிஷம்னு அட்டவணை போட்டாங்க. ராமேஸ்வரத்துல இருந்து முகுந்தராயர் சத்திரம் வரை அது சரியா வந்துச்சு, மரமும் புதரும் காத்தைத் தடுக்கும். சத்திரம் தாண்டினதும் ரெண்டு பக்கமும் கடல், ஒரு மறைப்பும் கிடையாது. வாடைக்காத்து இடது முன்பக்கமா அறையுது. கிலோமீட்டருக்கு ஒரு நிமிஷம் கூடிடும். தனுஷ்கோடி வரை 5 கிலோமீட்டர், அதுல 5 நிமிஷம் போச்சு. மீதி 6 நிமிஷம் அதுக்கு முந்தின ஏழு கைமாற்றுல. ஒவ்வொண்ணுலயும் ஐம்பது செகண்டு, "அடுத்தது யாரு, எங்க நிக்கிறாரு"ன்னு தேடினதுல.

சத்திரம் வரை ஆறு பேர், ஆளுக்கு 2.2 கிலோமீட்டர்ங்கறது சரிதான். அதுக்கப்புறம் தனுஷ்கோடி வரைக்கும் ரெண்டே பேரை 2.5 கிலோமீட்டர் ஓடவிட்டதுதான் தப்பு. தினம் ஓடுறவங்க இல்ல இவங்க, எதிர்காத்துல ரெண்டாவது கிலோமீட்டர்லயே மூச்சு போயிடும். அந்த 5 கிலோமீட்டரை 1.25 வீதம் நாலு பேருக்கும், அங்கிருந்து ரோடு முடியுற அரிச்சல்முனை வரை உள்ள 4.5 கிலோமீட்டரை 1.5 வீதம் மூணு பேருக்கும் பிரிங்க. மொத்தம் 13 பேர்.

கூப்பிடுறதுக்கு விசில். அதுவும் வாங்குறவர் கையில இருக்கணும். காத்து முன்னாடி இருந்து வர்றதால அவர் ஊதினா ஓடி வர்றவருக்குக் கேட்கும். ஓடி வர்றவர் எவ்வளவு கத்தினாலும் அது பின்னாடிதான் போகும். பச்சைக்கொடி வேண்டாம், ரெண்டு இடத்துல கம்பிலயே சுருட்டிக்கிச்சு.

அலுமினியக் கட்டையும் வேண்டாம். உப்புக்காத்து ஈரத்துல வழுக்குது, நாலாவது கைமாற்றுல கீழ விழுந்து உருண்டதை எல்லாரும் பார்த்தீங்க. 30 செ.மீ. மரக்கட்டை எடுத்து, நடுவுல ஒரு சாண் அளவுக்குப் பருத்தி நூல்கயிறு இறுக்கிச் சுத்துங்க. தேங்காய்நார்க் கயிறு உள்ளங்கையைக் கிழிச்சிடும்.

நள்ளிரவு வண்டி:
நிமிஷக் கணக்கு இருக்கட்டும் அண்ணே. கிளம்பின நேரமும் பாதையுமே தப்பு. அந்த 653 வண்டி பாம்பன்ல இருந்து எடுத்தது டிசம்பர் 22 ராத்திரி 11.55. அது ராமேஸ்வரத்துக்கே வரல. அன்னைக்குப் பாம்பன்ல இருந்து தனுஷ்கோடிக்கு நேர்ப் பாதை, ராமேஸ்வரத்துக்குத்தான் கிளை. காலை அஞ்சரைக்கு ராமேஸ்வரத்துல கொடியசைச்சா அது எப்படி அந்த வண்டிக்கு நினைவு ஆகும்?

முந்தின ராத்திரி பாம்பன் ஸ்டேஷன் வாசல்ல ஆறு பேர்தான் வந்து நின்னாங்க. சரியா 11.55க்கு ஒருத்தர் டார்ச்சை அணைச்சார். மழைத்தூறல், இருட்டு, கடல் சத்தம். அந்த ஒரு நிமிஷத்துல இருந்தது மறுநாள் மூணு மணி நேர ஓட்டத்துல இல்ல.

சாவடி தாண்டி:
நள்ளிரவு தம்பி சொல்ற பழைய தண்டவாளப் பாதை இப்ப மணல்மேட்டுக்கும் சீமைக்கருவேலத்துக்கும் அடியில கிடக்கு, கொஞ்சம் கடலுக்குள்ளயும் போயிடுச்சு. அதுல நடக்கவே முடியாது. இருட்டினதும் சோதனைச் சாவடி தாண்டி வெளியாளை விட மாட்டாங்க. விட்டாலும் கூடாது. வாடைக்காலத்துல வடக்குக் கடல்தான் கொந்தளிக்கும், அலை கரைக்கல்லைத் தாண்டித் தார்ரோட்டுல தெறிக்கும். காத்து கொண்டு வந்து கொட்டின மணல் ரோட்டுல திட்டுத்திட்டா கிடக்கும், ஈரமானா கால் வாரிடும். பகல்லயே பத்தாவது ஆள் அதுல சறுக்கி முழங்காலைப் பேர்த்துக்கிட்டார். ராத்திரின்னா என்ன ஆகியிருக்கும்? பாம்பன்ல 11.55க்கு நின்னதை அப்படியே வைங்க. அங்கயே கட்டையை ஒருத்தர் கையில கொடுத்து, விடியுற வரைக்கும் அவர் கீழ வைக்காம வச்சிருக்கட்டும். அதுவும் ஒரு கைமாற்றுதான்.

யாரும் கேக்கல, இருந்தாலும் அடுத்த வருஷத்துக்குச் சொல்லி வைக்கிறேன். அனுமதிக் கடிதம் ஒரு மாசம் முன்னாடியே காவல் நிலையத்துக்குப் போகணும், கலெக்டர் ஆபீசுக்கு ஒரு நகல். ஆள் எண்ணிக்கை, வண்டி நம்பர், கைமாற்று இடங்கள், கிளம்புற நேரம், முடியற நேரம் எல்லாம் அதுல இருக்கணும். மணல்ல இறங்குற எண்ணம் இருந்தா வனத்துறைக்குத் தனிக் கடிதம்.

பாம்பன் துறைமுகத்துல மூணாம் எண் கூண்டு ஏத்தினா ஓட்டம் கிடையாதுன்னு முதல் கூட்டத்துலயே முடிவு பண்ணிடுங்க. கடைசி நேரத்துல பேசினா, இவ்வளவு தூரம் வந்துட்டோமேன்னுதான் மனசு இழுக்கும். புயல்ல போனவங்களுக்காகப் புயல் எச்சரிக்கையை மீறி ஓடுறது அவங்களுக்குச் செய்யுற மரியாதை இல்ல.

டிசம்பர்னா ஐயப்ப சீசன். சூரிய உதயம் பார்க்குற வேன் எல்லாம் 5.45ல இருந்து 6.30க்குள்ள அரிச்சல்முனைக்குப் பறக்கும், எட்டு மணிக்கு மேல திரும்பும். ஓடுறவர் ரோட்டுக்கு வலது ஓரமா, எதிர்ல வர்ற வண்டியைப் பார்த்தபடி ஓடணும். விடியுற வரைக்கும் ஓடுறவருக்கு ஒளிரும் சட்டை, பின்னாடி சிவப்பு விளக்கோட ஒரு சைக்கிள்.

ஆளுங்களை இறக்குறதுல இந்தத் தடவை பெரிய தப்பு நடந்துச்சு. எல்லாரையும் ஒரே வேன்ல ஏத்தி அஞ்சு மணிக்கே வரிசையா இறக்கிட்டாங்க. கடைசி ஆள் மூணு மணி நேரத்துக்கு மேல காத்துல விறைச்சு நின்னு, ஓட ஆரம்பிச்ச இருநூறு மீட்டர்ல கெண்டைக்கால் பிடிச்சுக்கிச்சு. ரெண்டு நடையாப் போங்க. சத்திரத்துக்கு முன்னாடி நிக்கிறவங்களை முதல் நடையில. கட்டை 7.15 வாக்குலதான் சத்திரத்துக்கு வரும், அதனால மிச்சப் பேரை 6.30க்கு ஏத்தினாப் போதும். கடைசி 9.5 கிலோமீட்டர்ல ரோட்டை ஒட்டியே கரைக்கல், வேன் ஒதுங்க இடம் கிடையாது. இறக்கின கையோட கிளம்பி அரிச்சல்முனை ரவுண்டானாவுக்குப் போயிடணும்.

தண்ணி ஆளுக்கு ஒன்றரை லிட்டர். நாப்பது பேருக்கு அறுபது லிட்டர், இருபது லிட்டர் கேன் மூணு. அங்க போய் வாங்கிக்கலாம்னு போகாதீங்க. அந்த ஊர் மக்களே மணல்ல ஊத்துத் தோண்டி எடுத்துத்தான் குடிக்கிறாங்க, அதுல நாம கை வைக்கக் கூடாது. நீர்மோர், வாழைப்பழம், கடலைமிட்டாய் போதும். எவர்சில்வர் டம்ளர் எடுத்துக்கோங்க. பேப்பர் கப்பு காத்துல பறந்து நேரா கடலுக்குத்தான் போகும்.

முனையில சில போன்கள் இலங்கை டவரைப் பிடிச்சுக்கும். அப்புறம் கூப்பிட்டாக் கிடைக்காது, காசும் போகும். போன்ல தானா டவர் மாத்துறதை முன்கூட்டியே நிறுத்திடுங்க. மரியாதைக்காகச் செருப்பில்லாம ஓடறேன்னு ரெண்டு பேர் ஓடினாங்க. சங்குச் சில்லும் பவளக்கல்லும் பாதத்துல ஏறி, ஒருத்தருக்குத் தையல். வெறுங்காலோட நிக்கணும்னா கடைசி நூறு மீட்டர் மணல்ல நில்லுங்க.

மன்னார்க்கரை:
ஒரு சின்ன விசயம். அந்தப் புயல் தனுஷ்கோடிக்கு வர முன்னம் இலங்கையின்ர வடக்காலதான் போனது. 22ஆம் திகதியே இஞ்ச அடிச்சது. தனுஷ்கோடியில இருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடின காலம், ரெண்டு கரையிலயும் ஒரே குடும்பத்து ஆக்கள் இருந்தவை. முனையில நிக்கேக்க இந்தப் பக்கமும் ஒருக்காத் திரும்பிப் பாருங்கோ.

ரவுண்டானா:
முதல் பதிவுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லலையே. ரயில்ல இருந்தது 110 பயணிகள், 5 ஊழியர்னு எழுதுறாங்க. டிக்கெட் இல்லாம ஏறினவங்க அந்தக் கணக்குல வரமாட்டாங்க. ஊருக்குள்ள இருந்து போனவங்க அதை விட ரொம்ப அதிகம். ஆக அச்சடிச்ச பட்டியல் தேடிப் பிரயோசனம் இல்ல. பேரைக் கேட்டுத்தான் வாங்கணும்.

நவம்பர் மாசத்துலயே ரெண்டு பேர் போங்க, கூட்டமாப் போகாதீங்க. ஒரு நோட்டு, ஒரு பேனா. வீடியோ எடுக்காதீங்க, கேமராவைப் பார்த்தா அவங்க வேற பேச்சுப் பேசுவாங்க, இத்தனை வருஷமாப் பேட்டி கொடுத்துச் சலிச்சவங்க. அவங்க எப்படிச் சொல்றாங்களோ அப்படியே எழுதி, திருப்பி வாசிச்சுக் காட்டி, ஓட்டத்துல இந்தப் பேரைச் சொல்லலாமான்னு கேளுங்க. வேண்டாம்னா அதோட விட்டுடணும். சம்மதிச்சவங்க வீட்டுப் பிள்ளைங்க ஓட விரும்பினா தனுஷ்கோடிக்கு முந்தின 1.25 கிலோமீட்டர் அவங்களுக்கு. நிலையத்துச் சுவர்கிட்ட அட்டவணையிலயே பத்து நிமிஷம் காலியா விடுங்க.

மைக்கு எடுத்துட்டுப் போகாதீங்க, காத்து இரைச்சல்தான் கேட்கும். இடிஞ்ச சுவருக்குத் தென்மேற்குப் பக்கம் காத்து மறையும். அங்க நெருக்கமா நின்னு சாதாரணக் குரல்ல வாசிச்சாலே நாப்பது பேருக்குக் கேட்கும்.

பாம்பன்காத்து, அந்த ஆத்தாகிட்ட நீங்களே போங்க, உங்க முகம் அவங்களுக்குத் தெரியும். காலையில தேவாலயச் சுவர் நிழல்ல உக்காந்து மாலை கோப்பாங்க. பத்து மணிக்கு மேல கூடையோட ரோட்டுக்கு வந்துடுவாங்க, அப்புறம் வியாபாரம் இருக்கும், பேச நேரம் இருக்காது. பத்துக்கு முன்னாடி போயிடுங்க.