சீராக்கியின் ‘தாங்கோட்டம்’: ஒரு சொல்லாய்வு

அன்புடையீர்,

மின்னழுத்தத்தை ஒரே அளவில் நிறுத்திவைக்கும் உறுப்பான மின்னழுத்தச் சீராக்கி (voltage regulator) எத்தனை ஆம்பியர் வரை தரும் என்பதைக் குறிக்க முன்மொழியப்பட்டுள்ள ‘மின்னோட்டக் கொள்ளளவு’ என்ற கலைச்சொல்லில் எனக்கு உடன்பாடில்லை. எங்கள் பக்கத்துக் காவேரிப்பாக்கம் ஏரிக்குக் கொள்ளளவு உண்டு. அதன் மதகுக்குக் கொள்ளளவு என்று யாரும் சொல்வதில்லை. சீராக்கி மதகைப் போன்றது; தேக்கிவைக்கும் வேலை அதன் அருகில் நிற்கும் மின்தேக்கியுடையது. ‘மின்னோட்டத் திறன்’ என்பதும் பொருந்தாது. பள்ளிப் பாடநூல்களில் திறன் என்பது வாட்டில் அளக்கப்படுவது.

பெயரைவிடப் பொருளில்தான் சிக்கல் மிகுதி. கோடையில் காட்பாடியில் ஒரு மாணவர் தம் மின்சுற்றுப் பலகையைக் கொண்டுவந்தார். 12 வோல்ட்டை 7805 என்ற வகைச் சீராக்கி 5 வோல்ட்டாக்குகிறது. சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டான ஹீட் சிங்க் இல்லை. சுமை அரை ஆம்பியர். சிறிது நேரத்தில் சீராக்கி அணையும், ஆறியதும் தானே மீண்டும் இயங்கும். “ஒரு ஆம்பியர்னுதானே சார் போட்டிருக்காங்க?” என்று கேட்டார், சீராக்கியின் முதுகில் விரலை வைத்துப் பார்த்து உடனே இழுத்துக்கொண்டார்.

கணக்கு எளிது. சீராக்கியில் விழும் 7 வோல்ட்டை அரை ஆம்பியரால் பெருக்கினால் 3.5 வாட் வெப்பம். இந்தச் சீராக்கியின் உறை வகையான டிஓ-220 ஹீட் சிங்க் இன்றி நின்றால் ஒவ்வொரு வாட்டுக்கும் உள்ளிருக்கும் சில்லு ஏறத்தாழ 65 பாகை செல்சியஸ் சூடேறும். வேலூர் வெயிலில் அறையே 40 பாகை. சில்லு 125 பாகையைத் தாண்டக் கூடாது என்று கொண்டால் மிஞ்சுவது 85 பாகை, அதாவது 1.3 வாட். அதை 7 வோல்ட்டால் வகுத்தால் சுமார் 0.18 ஆம்பியர்தான் கிடைக்கிறது. அரை ஆம்பியர் இழுத்தால் சீராக்கி தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடுவதில் வியப்பில்லை.

ஆகவே இரு சொற்கள் தேவை என்பது என் கருத்து. தயாரிப்பாளர் தரவுத்தாளில் அச்சிடும் எண்ணுக்கு ‘ஓட்ட வரம்பு’. குறிப்பிட்ட சூழலில் சீராக்கி சூடு மீறாமல் தொடர்ந்து தரக்கூடியதற்குத் ‘தாங்கோட்டம்’. இது நான் வலிந்து புனைந்ததன்று, உதிரிபாகக் கடையில் எவரும் “இது எத்தனை ஆம்ப் தாங்கும்?” என்றுதான் கேட்கிறார்கள். தாங்கிய, தாங்கும் என்று காலம் கரந்து நிற்கும் வினைத்தொகை என்பதும் இங்கே வசதியாகவே அமைகிறது. வெறும் ‘ஓட்டம்’ பந்தயத்தை நினைவூட்டும் என்று அஞ்சுவோர் ‘தாங்கு மின்னோட்டம்’ என்று முழுமையாக எழுதலாம். எனக்குக் குறுகிய வடிவமே பிடித்திருக்கிறது.

“12 வோல்ட் உள்ளீட்டில், 40 பாகையில், ஹீட் சிங்க் இன்றி இதன் தாங்கோட்டம் 180 மில்லியாம்பியர்” என்பது போல அந்த மூன்றையும் சேர்த்தே எண்ணைச் சொல்ல வேண்டும் என்பதைச் சொல்விளக்கத்திலேயே எழுதிவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.