தாவும் சிலந்தி: கண் கூடத் தெளிவாக விழவில்லை

கேள்வி: 100 மி.மீ. மேக்ரோ (நெருக்கப் படம் எடுக்கும்) லென்ஸ், 1:1 உருப்பெருக்கம் (சென்சாரில் சிலந்தி அதன் நிஜ அளவிலேயே விழும்), துளை எஃப்/22, 1/200 நொடி, ஃபிளாஷ். கண், ரோமம் எல்லாமே மங்கல். லென்ஸ் கோளாறா?

பதில் 1: லென்ஸ் பாவம், விடுங்கள். 1:1-இல் துளை எண் (எஃப் எண்; எண் கூடினால் துளை சிறிது) ஏறக்குறைய இரட்டிப்பாகும். உங்கள் எஃப்/22 நடைமுறையில் எஃப்/44. சின்னத் துளையில் ஒளி வளைந்து சிதறும் விளிம்பு விளைவு நுணுக்கத்தையெல்லாம் தின்றுவிடும். எஃப்/11-ஐத் தாண்டாதீர்கள். தெளிவு ஏறத்தாழ 1 மி.மீ. ஆழத்துக்குத்தான் இருக்கும், முன்கண்களில் ஃபோகஸ் வையுங்கள்.

பதில் 2: துளையைத் திறந்தால் ஃபிளாஷ் திறனையும் நாலில் ஒன்றாகக் குறைக்கலாம். ஃபிளாஷ் முழுத்திறனில் 1/16-க்குக் கீழே போனால் வெளிச்சம் சட்டென்று முடியும், அசைவு பதியாது. டிஃப்யூசர் (ஃபிளாஷ் ஒளியை மென்மையாக்கும் திரை) சிலந்திக்கு நெருக்கமாக இருக்கட்டும். தள்ளி வைத்தால் கண்ணில் வெறும் வெள்ளைப் பொட்டுதான்.

கேட்டவர்: காற்றில் இலை ஆடினால்?

பதில் 1: காம்பை இடது கையால் பிடித்து, லென்ஸ் முனையை அதே கைமேல் வையுங்கள். இரண்டும் சேர்ந்தே ஆடும்.