மாடுகளின் காசநோய்த் தோல் பரிசோதனை: ஐயத்துக்குரிய முடிவுகள் குறித்து வழிகாட்டல் தேவை

குழுவில் உள்ள கால்நடை மருத்துவர்களுக்கு வணக்கம். நான் பார்த்துவரும் பண்ணையில், கறவை மாடுகளின் கழுத்தில் இரண்டு இடங்களில் மாட்டின டியூபர்குலினையும் (காசநோய்க் கிருமியின் புரதச் சாறு), ஒப்பீட்டுக்காகப் பறவையின டியூபர்குலினையும் தோலுக்குள் 0.1 மி.லி. வீதம் செலுத்தி, ஊசிக்கு முன்னும் 72 மணி நேரம் கழித்தும் தோலின் தடிமனை அளந்தோம். சில மாடுகளில் மாட்டின ஊசியிட்ட இடத்தின் வீக்கம் மற்றதைவிட 1 முதல் 4 மி.மீ. வரை மட்டுமே மிகுந்திருந்ததால், முடிவு ஐயத்துக்குரியதாகவே நின்றுவிட்டது.

பண்ணையில் ஜோனீஸ் நோயும் (பறவையினக் காசநோய்க் கிருமிக்கு நெருங்கிய கிருமியால் வரும் குடல் நோய்) இருப்பதால், அதன் கிருமிக்கு உடல் காட்டும் எதிர்வினை பறவையின ஊசியிட்ட இடத்தை மிகுதியாக வீங்கச் செய்து, உண்மையான காசநோயை மறைக்கிறதோ என அஞ்சுகிறேன். முதல் நாள் நானும் மூன்றாம் நாள் உதவியாளரும் அளந்தது என் பிழைதான். தடிமனை அளக்கும் கருவியான காலிப்பரை அழுத்தும் கை மாறினாலே ஒரு மில்லிமீட்டர் கூடும், குறையும்.

முந்தைய ஊசியால் தோலின் எதிர்வினை மங்கியிருக்கும் என்பதால், 42 நாள்களுக்குப் பிறகே மறுபரிசோதனை செய்ய இருக்கிறேன். அப்போது காமா இன்டர்ஃபெரான் (நோயெதிர்ப்புச் செல்கள் வெளியிடும் புரதம்) இரத்தப் பரிசோதனையையும் சேர்ப்பதானால், இரத்தத்தை ஊசிக்கு முன் எடுப்பதா, பின் எடுப்பதா? காசநோய்க் கிருமியின் புரதங்களான ஈசாட்-6, சிஎஃப்பி-10 போன்ற குறிப்பிட்ட எதிர்ப்பொருளாக்கிகளை (நோயெதிர்ப்பைத் தூண்டுபவை) கொண்டு தோல் பரிசோதனை செய்தவர்கள் இருந்தால், தங்கள் அளவீடுகளுடன் விளக்குமாறு வேண்டுகிறேன்.