1966 எம்ஜிபி: என்ஜின் வெட்டும்போது டாக்கோமீட்டர் முள்ளும் விழுகிறது

கேள்வி

வணக்கம். என்னிடம் 1966ஆம் ஆண்டு எம்ஜிபி கார் உள்ளது. பாசிட்டிவ் எர்த் அமைப்பும் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை வண்டியின் உடலுடன் இணைந்தது) பாயிண்ட் முறை இக்னிஷனும் (காயிலின் மின்னோட்டத்தைச் சிறு தொடர்பு முனைகள் மூடித் திறப்பது) மாற்றப்படாமல் இருக்கின்றன. இருபது நிமிடம் ஓடியபின் என்ஜின் திடீரென வெட்டுகிறது. வண்டி கியரில் உருண்டுகொண்டிருக்கும்போதே டாக்கோமீட்டர் (என்ஜின் சுழலும் வேகத்தைக் காட்டும் மீட்டர்) முள் பூஜ்யத்துக்கு விழுந்து, ஓரிரு நொடிகளில் மீண்டும் எழுகிறது. காயிலையும் (பொறிக்கான உயர் வோல்ட்டை உண்டாக்குவது) பிளக்குகளையும் மாற்றியும் பயனில்லை. டாக்கோமீட்டரே பழுதாகி என்ஜினை நிறுத்துகிறதா? அதைக் கழற்றிப் பழுதுபார்க்க அனுப்பலாமா?

மறுமொழி 1

தயவுசெய்து இப்போது கழற்ற வேண்டாம். உங்களிடம் உள்ள மிக நல்ல சோதனைக் கருவி அந்த மீட்டர்தான்.

அதன் முகப்பில் ஆர்விஐ என்ற எழுத்துகள் இருக்கும். ஸ்மித்ஸ் தயாரித்த இந்த வகையில், இக்னிஷன் சாவியிலிருந்து காயிலுக்குப் போகும் வெள்ளை ஒயர் மீட்டரின் பின்புறம் ஒரு வளையமாகச் சுற்றிச் செல்கிறது. பாயிண்ட் மூடித் திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்த ஒயரில் எழுந்து அடங்கும் மின்னோட்டத்தையே மீட்டர் எண்ணுகிறது. எனவே சக்கரங்கள் என்ஜினைச் சுழற்றிக்கொண்டிருக்கையில் முள் விழுகிறது என்றால், காயிலின் முதன்மைச் சுற்றில் (சாவியிலிருந்து காயில் வழியே பாயிண்டுக்குச் செல்லும் பாதை) மின்னோட்டம் அறுபடுகிறது என்று பொருள். முள் நிலையாக நிற்க, என்ஜின் மட்டும் திணறினால், டிஸ்ட்ரிபியூட்டரின் (பொறியைப் பிளக்குகளுக்குப் பங்கிடும் பகுதி) ரோட்டார், மூடி, பிளக் ஒயர்கள், பெட்ரோல் வரத்து ஆகியவற்றைப் பார்க்க வேண்டியிருக்கும்.

அடுத்த முறை வெட்டும் நொடியில் இண்டிகேட்டரைப் போட்டுப் பாருங்கள். அதுவும் இயங்காவிட்டால் இக்னிஷன் சுவிட்சைச் சந்தேகியுங்கள். இயங்கினால், வெள்ளை ஒயரைக் காயிலிலிருந்து கழற்றி, முனையை இன்சுலேஷன் டேப்பால் சுற்றிவிட்டு, ஃபியூஸ் பெட்டியின் பழுப்பு ஒயர் முனையிலிருந்து ஒரு ஃபியூசும் சுவிட்சும் சேர்த்த தற்காலிக ஒயரைக் காயிலின் நெகட்டிவ் முனைக்குக் கொடுத்து ஓட்டுங்கள். பாசிட்டிவ் எர்த் வண்டியில் காயிலுக்கு மின்சாரம் வரும் முனை அதுதான். மீட்டர் அப்போது இயங்காது. சாவியை அணைத்தாலும் என்ஜின் நிற்காது என்பதால் அந்தச் சுவிட்ச் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். இப்படி ஓட்டியும் என்ஜின் வெட்டினால், சாவி, வெள்ளை ஒயர், மீட்டர் ஆகிய மூன்றும் குற்றமற்றவை.

மறுமொழி 2

மேலே சொன்ன சோதனையில் என்ஜின் வெட்டினால் டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்து பாருங்கள். உங்கள் 25டி4 வகையில், பக்கவாட்டு முனையிலிருந்து பாயிண்டுக்குச் செல்லும் சிறிய ஒயரும், பாயிண்ட் தட்டை உடலுடன் இணைக்கும் எர்த் ஒயரும், வாக்குவம் அட்வான்ஸ் (என்ஜினின் உறிஞ்சுவிசையால் பொறி எழும் நேரத்தை முந்தச் செய்யும் அமைப்பு) தட்டைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் வளைகின்றன. பல ஆண்டுகளில் மேலுறை நன்றாகவே தெரிய, உள்ளே செம்பு இழைகள் அறுந்துபோகும். கண்ணால் பார்த்தால் போதாது. மெதுவாக இழுத்துப் பாருங்கள், உறை ரப்பர்போல் நீண்டால் உள்ளே செம்பு இல்லை.

பாயிண்ட் மூடியிருக்கையில், சாவியைப் போட்டு, டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டு முனைக்கும் எர்த்துக்கும் இடையே மல்டிமீட்டரில் வோல்ட் அளந்தால் ஏறக்குறைய பூஜ்யம் வர வேண்டும். திறந்தால் பேட்டரியின் முழு வோல்ட் வர வேண்டும். மூடிய நிலையிலேயே அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பாயிண்ட் முகத்திலோ எர்த் ஒயரிலோ தடை இருக்கிறது. பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். திரும்பப் பூட்டும்போது, கண்டென்சர் ஒயரும் அந்தச் சிறிய ஒயரும் பாயிண்ட் ஸ்பிரிங்கை மட்டுமே தொட வேண்டும். நடுவிலுள்ள கம்பத்தைத் தொட்டால் பொறியே வராது.

மறுமொழி 3

இந்த அலுப்பில் எலக்ட்ரானிக் இக்னிஷனுக்கு மாறிவிடலாம் என்று தோன்றலாம். மின்னோட்டத் துடிப்பின் வடிவம் மாறுவதால் ஆர்விஐ மீட்டர்கள் சில மாட்யூல்களுடன் தாறுமாறாகக் காட்டும். நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றினால் மீட்டரின் உட்புறத்தையும் மாற்ற வேண்டும். முதலில் இருக்கும் பழுதைக் கண்டுபிடியுங்கள்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. இண்டிகேட்டர் இயங்கியது. தற்காலிக ஒயருடன் ஓட்டியபோதும் இருபத்தைந்தாம் நிமிடத்தில் என்ஜின் வெட்டியது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் அந்தச் சிறிய ஒயரை இழுத்தேன். சொன்னதுபோலவே உறை நீண்டது. உறையைப் பிளந்தபோது இரண்டே இழைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. வளையக்கூடிய மெல்லிழை ஒயரை மாற்றி, எர்த் ஒயரையும் புதுப்பித்து, வெள்ளை ஒயரைப் பழையபடி காயிலில் பூட்டினேன். நேற்று ஒன்றரை மணி நேரம் ஓட்டியதில் முள் ஒருமுறைகூடப் பூஜ்யத்துக்கு விழவில்லை.