1946 ஸ்பீட்வே லீக் புரோகிராம்: 84 வரவேண்டிய இடத்தில் 83 வருகிறது, ஏன்?

தடம்46:
இங்கிலாந்தில் போர் முடிந்து நடந்த முதல் முழு சீசனான 1946-இன் ஸ்பீட்வே (மண் தடத்து மோட்டார் சைக்கிள் பந்தயம்) நேஷனல் லீக் ஆட்டங்களைத் தொகுத்துக்கொண்டிருக்கிறேன். பழைய புரோகிராம்களில் (ஆட்ட நிரல் தாள்களில்) ரசிகர்கள் பென்சிலால் குறித்து வைத்த ஸ்கோர்தான் கையில் இருக்கிறது. ஆட்டத்துக்கு 14 ஹீட் (நாலு பேர் நாலு சுற்று ஓட்டும் ஒரு பந்தயம்), ஹீட்டுக்கு முடித்த இடத்தின்படி 3-2-1-0 புள்ளி என்றால் கூட்டுத்தொகை 84 ஆக வேண்டும். ஒரு தாளில் 83, இன்னொன்றில் 81. நாலாவது ஆள் விழுந்துவிட்டால் புள்ளி குறையுமா? ஒரே அணியில் ஒருவருக்கு 4 ரைடு, இன்னொருவருக்கு 2 என்று இருப்பதும் புரியவில்லை.

சிண்டர்ட்ராக்:
நாலாவது ஆள் விழுந்தால் எதுவும் குறையாது. அவருக்கு எப்படியும் 0 தான்; மூன்று பேர் கோட்டைத் தாண்டினாலே 3+2+1 = 6 வந்துவிடும். இரண்டு பேர் மட்டும் முடித்தால்தான் மூன்றாம் இடத்துப் புள்ளி யாருக்கும் போகாமல் ஹீட் 5-இல் நிற்கும். ஒருவர் மட்டும் முடித்தால் 3.

அதனால் 83 என்றால் ஏதோ ஒரு ஹீட்டில் இரண்டே பேர் முடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். 81-க்கு இரண்டு வழி: அப்படிப்பட்ட ஹீட் மூன்று, அல்லது ஒருவர் மட்டும் முடித்த ஹீட் ஒன்று. மொத்தத்தைப் பார்த்து முடிவு செய்யாமல் ஹீட் வாரியாகக் கூட்டிப் பாருங்கள். 5-உம் 3-உம் தனியாகத் தெரியும். அப்படி எதுவுமே இல்லாமல் குறைகிறது என்றால் மட்டும் எழுதியவர் கை தவறியிருக்கிறது.

சமமாக முடித்தால் புள்ளியைப் பங்கு போடுவார்கள். முதலிடத்துக்கு இருவர் என்றால் ஆளுக்கு 2½, இரண்டாமிடத்துக்கு என்றால் 1½, மூன்றாமிடத்துக்கு என்றால் ½. எனவே ½ தெரிந்தால் அழித்துவிடாதீர்கள். அதே ஹீட்டில் இன்னொரு ½ இருக்க வேண்டும், மொத்தம் மாறாது.

ரைடு கணக்கு இன்னும் நல்ல சோதனை. அணிக்கு எட்டுப் பேர்: ஆறு முதன்மை ரைடர்கள், இரண்டு ரிசர்வ். ஒவ்வொரு ஹீட்டிலும் அணிக்கு இருவர், ஆக 14 ஹீட்டுக்கு 28 ரைடு. முதன்மை ஆட்கள் ஆறு பேருக்குத் தலா 4 என்று 24, ரிசர்வ் இருவருக்குத் தலா 2 என்று 4. ஒருவர் அடிபட்டு வெளியேறினாலோ வண்டி மக்கர் செய்தாலோ ரிசர்வ் இறங்குவார். அப்போது அவருக்கு 3, இவருக்கு 3 என்று மாறும். கூட்டுத்தொகை 28 மாறாது. 27 வந்தால், அச்சான பெயரை அடித்துவிட்டு மேலே எழுதிய மாற்று ஆளை நீங்கள் கவனிக்காமல் விட்டிருக்கலாம். பெரும்பாலான குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

எந்த அணியின் புள்ளி என்ற சந்தேகம் வந்தால் ஹெல்மெட் நிறத்தைப் பாருங்கள்: சொந்தத் தடத்து அணிக்குச் சிவப்பும் நீலமும், வந்த அணிக்கு வெள்ளையும் மஞ்சளும்.

தடம்46:
ஹீட் வாரியாகக் கூட்டியதும் இரண்டு தாளும் சரியாகிவிட்டன. நன்றி. இன்னும் இரண்டு சந்தேகம். 0 வரவேண்டிய பெட்டிகளில் "ஈ.எஃப்." என்று அடிக்கடி இருக்கிறது. எஞ்சின் நின்றுபோனதாக இருக்கும், ஆனால் நாலே சுற்றில் அவ்வளவு அடிக்கடியா? அடுத்தது, போருக்கு முன் பெல் வ்யூ அணியில் இருந்த பில் கிச்சன் 1946 தாளில் வெம்ப்ளி கேப்டன். பெயர்க் குழப்பமா?

மெத்தனால்500:
ஈ.எஃப். எஞ்சின் கோளாறுதான். வெறும் எஃப். என்றால் விழுந்தவர், ஆர். என்றால் பாதியில் விலகியவர், எக்ஸ் என்றால் நடுவர் நீக்கியவர்.

ஏன் அடிக்கடி என்றால், அன்றைக்குக் கிட்டத்தட்ட எல்லோரும் ஓட்டியது ஜாப் (J.A.P.) நிறுவனத்தின் ஒற்றை சிலிண்டர் எஞ்சின். சிலிண்டர் விட்டம் 80 மி.மீ., பிஸ்டன் நகரும் நீளம் (ஸ்ட்ரோக்) 99 மி.மீ., ஏறக்குறைய 498 சி.சி. எரிபொருள் மெத்தனால், ஒரே கியர், பிரேக் கிடையாது. எண்ணெய் சுற்றித் திரும்பி வராது: பம்ப் சொட்டுச் சொட்டாக விடும் ஆமணக்கு எண்ணெய் வேலை முடிந்ததும் வெளியே போய்விடும். பம்பைக் குறைத்து வைத்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கூட்டி வைத்தால் பிளக்கில் எண்ணெய் படிந்து பொறி வராது. இந்த இரண்டுக்கும் நடுவில் இடம் மிகக் குறைவு.

அதே ஓட்டத்துக்குப் பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கு மேல் அளவு மெத்தனால் வேண்டும். அதனால் ஜெட்டும் (கார்புரேட்டரில் எரிபொருள் பாயும் துளை) குழாயும் பெரிதாக வேண்டும். சின்ன அடைப்பு வந்தாலே கலவை மெலிந்து பிஸ்டன் தலை உருகும். மெத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பந்தயம் முடிந்ததும் பெட்ரோல் விட்டு எஞ்சினை ஓட்டிக் கழுவாவிட்டால் கார்புரேட்டருக்குள் வெள்ளைப் பொடி பூத்து, அடுத்த வாரம் அதுவே ஜெட்டை அடைக்கும். ஆமணக்கு எண்ணெய் பிசினாக இறுகி பிஸ்டன் ரிங்கைப் பிடிப்பதும் உண்டு. பொதுவான எண்ணெய் மெத்தனாலோடு கலக்காது, ஆமணக்கு கலக்கும். உயவும் அபாரம். பிசின் தொல்லையைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டார்கள்.

செயின் அறுந்ததையும் சில ரசிகர்கள் ஈ.எஃப். என்றே எழுதியிருப்பார்கள். புள்ளிக் கணக்குக்கு வித்தியாசமில்லை.

ஒட்சல்மேடு:
கிச்சன் விஷயத்தில் குழப்பமே இல்லை, அதே ஆள்தான். 1946-இல் இருந்த ரைடர்களைத் தரம் பிரித்து ஒரே தொகுப்பாக்கி, ஒவ்வொரு தரத்திலும் அணிகளுக்குப் பங்கிட்டார்கள். லீக்கில் ஆறே அணிகள்: வெம்ப்ளி, பெல் வ்யூ, பிராட்ஃபோர்ட், வெஸ்ட் ஹாம், நியூ கிராஸ், விம்பிள்டன். கிச்சன் வெம்ப்ளிக்குப் போனார். ஹாரிங்கே தடம் 1946-இல் திறக்காததால் அங்கே ஓட்டியிருந்த ஜாக் பார்க்கர் பெல் வ்யூவுக்கும், தம்பி நார்மன் பார்க்கர் விம்பிள்டனுக்கும் போனார்கள். 1947-இல் ஹாரிங்கே திரும்பியதும் அணிகள் ஏழாயின. போருக்கு முந்தைய பட்டியலை வைத்து 1946 தாளைத் திருத்தவே கூடாது.

பங்கீடு சமமாக இருந்தும் பட்டம் வெம்ப்ளிக்குத்தான் போனது; 1947-இலும் அவர்களே. மேலாளர் அலெக் ஜாக்சன் புது ஆட்களைப் பயிற்சி கொடுத்து எடுத்ததை இதற்கு முக்கியக் காரணமாக நான் நினைக்கிறேன். தரம் பிரித்துப் பங்கிட முடிந்தது ஏற்கெனவே பெயர் எடுத்தவர்களைத்தானே.

சிண்டர்ட்ராக்:
தொகுக்கும்போது இன்னும் ஒன்று: கோப்பை ஆட்டத்தை லீக்கோடு சேர்த்துவிடாதீர்கள். அந்த ஆண்டு பெல் வ்யூ வென்ற நேஷனல் டிராஃபியில் ஒரு ஆட்டத்துக்கு 18 ஹீட், 108 புள்ளி. இரு தடங்களிலும் ஓட்டி மொத்தத்தைக் கூட்டுவார்கள். டாமி பிரைஸ் வென்ற பிரிட்டிஷ் ரைடர்ஸ் சாம்பியன்ஷிப் இறுதி தனிநபர் போட்டி: 16 பேர், ஆளுக்கு 5 ரைடு, 20 ஹீட், கூட்டினால் 120. உலகச் சாம்பியன்ஷிப் 1949-இல்தான் திரும்பியது. அதையும் பிரைஸே வென்றார்.

ஹீட் நேரங்களையும் பதிவு செய்வதாக இருந்தால் தடத்தின் பெயர் இல்லாமல் எழுதாதீர்கள். நியூ கிராஸ் சுற்று 262 கெஜம், பெல் வ்யூவின் ஹைட் ரோடு 418 கெஜம். நாலு சுற்று நியூ கிராஸில் ஏறக்குறைய 958 மீட்டர், ஹைட் ரோட்டில் 1,529 மீட்டர். இரண்டையும் ஒரே பத்தியில் வைத்தால் நியூ கிராஸில் ஓட்டியவர்கள் எல்லோரும் வேகமானவர்களாகத் தெரிவார்கள்.